சம்மதம் கேட்ட படம்

"தங்கச்சி வெளியில உக்காந்திருக்கா, டாக்டர். அவளுக்கு இது தெரியவே கூடாது," என்று சொல்லிவிட்டுத்தான் அக்கா கூந்தலை ஒதுக்கிக் காட்டினாள். பிடரியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு. "சரியான பயந்தாங்கொள்ளி. தனக்கும் வந்துடும்னு தூக்கத்தையே தொலைச்சிடுவா."

டாக்டரம்மா தலையாட்டினாள். யார் வந்தார், யார் போனார் என்று பெற்ற தாயிடம்கூட மூச்சு விடாதவள் அவள்.

இதே மாதிரித் திட்டு வேறு யாருக்காவது எந்த மருந்தில் சரியானது என்று பார்க்க வேண்டும். திட்டைப் படமெடுத்து, கிளவுட் என்கிற இணையக் கிடங்கில் தேடினாள். பல ஆஸ்பத்திரிகளின் படங்கள் அங்கே பூட்டியபடி கிடக்கின்றன. இந்தப் படமும் பூட்டிக்கொண்டுதான் போகும். கம்ப்யூட்டர் எதையும் திறக்காமல், பூட்டியதைப் பூட்டியதோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகிற படத்தின் எண்ணை மட்டும் சொல்லும். படத்துக்கு உரியவர் போனில் சம்மதித்தால்தான் டாக்டரும் நோயாளியும் பார்க்கலாம்.

ஓர் எண் வந்தது. டாக்டரம்மா சம்மதம் கேட்டாள்.

வெளியே ஒரு போன் கிணுகிணுத்தது.

டாக்டரம்மா கதவைப் பார்த்தாள். வெளியே இருப்பது ஒரே ஒருத்தி! அத்தனை பூட்டுப் போட்டு என்ன, பாழாய்ப்போன கதவு மெல்லிசாக இருக்கிறதே. தற்செயலாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே திரையைத் தன் பக்கம் திருப்பப் போனாள். அதற்குள் சம்மதம் வந்து படம் திறந்துவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதியில், வெள்ளை பாய்ந்த ஒரு பிடரி. பக்கத்தில் அதே பிடரி, குணமாகிப் பழைய நிறத்தில். கீழே பிறை போல ஒரு தழும்பு.

அக்கா திரையை நெருங்கிப் பார்த்தாள். "இந்தத் தழும்பு... சின்ன வயசுல ஊஞ்சல்லேருந்து நான் அவளைத் தள்ளிவிட்டப்ப பட்டது."

"யாருன்னு நான் சொல்ல முடியாதும்மா."

"நீங்க சொல்லவே வேணாம். ரெண்டு வருஷம், டாக்டர்! நான் பதறிடுவேன்னு மறைச்சிருக்கா, கழுதை." கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்தது. கோபமா நிம்மதியா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கைப்பையைத் துழாவி கிளிப்பை எடுத்தாள். பிடரி பளிச்சென்று தெரியும்படி கூந்தலைத் தூக்கிச் செருகினாள். வெளியே போய், தங்கையின் பக்கத்தில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

தங்கை போனைக் கீழே வைத்தாள். அவள் விரல் அந்தத் திட்டை மெல்லத் தொட்டது.

டாக்டரம்மா எழுந்து வந்து கதவைச் சாத்தினாள்.