பட்டியலில் ஒன்பதாவது ஆள்

2005 ஆகஸ்டில் மஹிராவின் கைக்கு வந்த பட்டியலில் பதினான்கு பெயர்கள் இருந்தன. எல்லோரும் கடலூர்க் கடற்கரைக்காரர்கள். முந்தைய டிசம்பரில் சுனாமி வந்து போனபின் தார் ஷீட் கொட்டகைகளில் குடிவைக்கப்பட்டு, பிறகு அங்கிருந்து கிளம்பி எங்கெங்கோ போய்விட்டவர்கள். கரையில் புது வீடுகள் கட்டும் வேலை தொடங்கவிருந்தது. யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் வீட்டுக் கணக்கை முடிக்க முடியாது என்பதால், ஒரு தொண்டு நிறுவனம் உள்பக்க ஊர்களில் ஆள் வைத்துத் தேடிக்கொண்டிருந்தது. விருத்தாசலம் பக்கத்துக்கு மஹிராவை எடுத்திருந்தார்கள். பி.காம். முடித்துவிட்டு அந்த ஊர்ப் பாலக்கரையில் அத்தாவின் மளிகைக் கடையில் உட்கார்ந்திருந்தவளுக்கு மூன்று மாத வேலை.

கடலூரில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. நடத்திய கோகுலகிருஷ்ணன் ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆளைக் கண்டுபிடிப்பது நம் வேலை. அவர் எங்கே இருக்கிறார் என்பதை அவர் சம்மதம் இல்லாமல் யாரிடமும் சொல்லக் கூடாது, பெண்டாட்டியாக இருந்தாலும் சரி, அம்மாவாக இருந்தாலும் சரி.

முதல் எட்டுப் பேரைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. ஒரு குடும்பம் கருவேப்பிலங்குறிச்சியில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேர் திட்டக்குடியில் ஓர் அரிசி மில்லில் மூட்டை தூக்கினார்கள். நல்லூரில் மாமன் வீட்டில் தங்கியிருந்த ஒரு பெண், தன்னைத் தேடி ஒருத்தி வந்திருக்கிறாள் என்பதையே நம்பாமல் இரண்டு முறை பெயரைக் கேட்டுக்கொண்டாள்.

ஒன்பதாவது ஆள்தான் அகப்படவில்லை. மாணிக்கவேல், வயது முப்பத்தாறு. மனைவி திரௌபதியும் ஒன்பது வயது மகள் செல்வநாயகியும் கொட்டகையில்தான் இருந்தார்கள். மார்ச் மாதம் ஒரு நாள் காலையில் வெளியே போனவன் திரும்பவில்லை. அவர்கள் ஊர்க்காரர் ஒருவர் அவனை விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாகச் சொன்னது மட்டுமே துப்பு. போட்டோ எதுவும் இல்லை. எல்லாம் தண்ணீரோடு போய்விட்டது.

புது வீட்டுப் பத்திரம் புருஷன், பெண்டாட்டி இருவர் பெயரிலும் எழுதப்படும். அதற்கு இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆளே இல்லையென்றால் இறந்ததற்குச் சான்று வேண்டும். கொட்டகையில் சிலர் திரௌபதிக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். அலையில் போனவர்கள் எத்தனையோ பேர், இவனும் அன்றைக்கே போய்விட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வீடு கிடைத்துவிடும் என்று. அவள் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். இதை மஹிராவிடம் இருந்த தாளின் ஓரத்திலேயே யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்.

ரயில்வே சரக்குக் கொட்டகை, செங்கல் காளவாய்கள், லாட்ஜுகள் என்று பத்து நாள் அலைந்தாள். கடைசியாகச் செராமிக் பேட்டைக்குப் போனாள். அங்கே சின்னச் சின்னக் கம்பெனிகள் வரிசையாக இருக்கும். பியூஸ் கட்டை, டீ கப், சாமி பொம்மை என்று ஒவ்வொன்றிலும் ஒன்று செய்வார்கள். எந்தக் கம்பெனியிலும் மாணிக்கவேல் என்று ஒருவர் இல்லை.

ஆதிநாராயணன் என்பவருடைய கம்பெனியில் அவள் விசாரித்துவிட்டுத் திரும்பும்போது வாசலில் ஒரு லாரிக்குச் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. வைக்கோல் வைத்துக் கட்டிய பியூஸ் கட்டை மூட்டைகள். அவற்றைக் கட்டியிருந்த விதம் வேறாக இருந்தது. கயிறு ஓடி ஓடி ஒரே இடத்தில் சுருண்டு, படகுக்காரர்கள் போடுவதுபோலச் சின்னதாக ஒரு முடிச்சில் நின்றிருந்தது. நல்ல கட்டாக இருக்கிறதே என்று அவள் சொன்னதும் ஆதிநாராயணனுக்குப் பெருமை தாங்கவில்லை. சேலம் வரை போனாலும் ஒரு மூட்டை அவிழாது, வேலு என்று ஒருத்தன் வந்து சேர்ந்ததிலிருந்து உடைசலே குறைந்துவிட்டது என்றார். அவன் எப்போது வந்தான் என்று கேட்டாள். மார்ச் கடைசி என்றார்.

வேலு சூளைக்குப் பக்கத்தில் இருந்தான். வெந்த சரக்கை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். கறுத்த, ஒடிசலான ஆள். வலது உள்ளங்கையில் குறுக்கே கயிறு அறுத்த பழைய தழும்பு. சாப்பாட்டு நேரம் வரை காத்திருந்து, வேப்பமரத்தடியில் அவன் தனியாக உட்கார்ந்ததும் மஹிரா போய்ப் பேசினாள். தான் யார், எதற்காக வந்திருக்கிறாள் என்பதைச் சொன்னாள். அவன்தான் அந்த ஆள் என்று இங்கே யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள் என்றும் சொன்னாள்.

அவன் டிபன் டப்பாவை மூடினான். அப்படி ஒருத்தரைத் தனக்குத் தெரியாது என்றான். பிறகு அவனே கேட்டான்.

“பாப்பா ஸ்கூலுக்குப் போவுதாம்மா?”

“நாலாவது படிக்குதுண்ணே. தாள்ல போட்டிருக்குது.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அவள் பையிலிருந்து அச்சடித்த பாரத்தை எடுத்தாள். அதில் மூன்று கட்டங்கள்: ஆள் கிடைத்தார், கிடைக்கவில்லை, கிடைத்தார் ஆனால் இருப்பிடம் சொல்ல விரும்பவில்லை. கிடைக்கவில்லை என்று போட்டுவிடுங்கள் என்றான். பொய் எழுத முடியாது என்றாள் மஹிரா. மூன்றாவதைப் போடலாம், அதற்கு அவனுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அதைப் போட்டால் திரௌபதிக்கு அவன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்துவிடும். உயிரோடு இருந்துகொண்டே வேண்டாம் என்கிறான் என்பதும் தெரிந்துவிடும்.

“இல்லன்னே நெனைச்சுக்கட்டும்மா. அவளுக்கு அது சுலுவு.”

“இல்லன்னு சொன்னா வூடு உடனே கெடைக்கும்னு அவங்ககிட்ட சொல்லிப் பாத்துருக்காங்கண்ணே. அவங்க சொல்ல மாட்டேன்னுட்டாங்க.”

இதைச் சொல்லியிருக்கலாமா கூடாதா என்று மஹிராவுக்கு அன்று முழுக்கச் சந்தேகமாக இருந்தது. அவன் இருக்குமிடத்தை மனைவியிடம் சொல்லக் கூடாது என்றுதான் விதி. மனைவி சொன்னதை அவனிடம் சொல்வதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. அவன் எழுந்து சூளைப் பக்கம் போய்விட்டான். எந்தக் கட்டத்திலும் குறி போடாமல் பாரத்தை அவள் பைக்குள் வைத்துக்கொண்டாள். போகும்போது பாலக்கரையில் அத்தாவின் கடை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அவனுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்து நாள் ஆகியும் அவன் வரவில்லை. பாரங்களை ஒப்படைக்கச் சொல்லிக் கோகுலகிருஷ்ணன் இரண்டு தடவை போன் செய்தார். அடுத்த வாரம் தருகிறேன் என்றாள். ஆறாம் நாள் சாயங்காலம், குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு அவன் கடை வாசலில் வந்து நின்றான். அவள் அத்தா சம்சுதீன் ஏதோ வாங்க வந்தவன் என்று நினைத்து என்ன வேண்டும் என்று கேட்டார். அவன் சுவரில் இருந்த ஒரு ரூபாய் போனைக் காட்டினான். கொட்டகைக்குப் பக்கத்துக் கடையின் நம்பர் அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. இத்தனை மாதமாக அதை அழுத்தாமல் இருந்திருக்கிறான்.

திரௌபதியைக் கூப்பிட்டு வர ஆள் போனது. காத்திருந்த நேரத்தில் அவன் யாரையும் பார்க்கவில்லை. அவள் லைனில் வந்ததும், “நான்தான்” என்றான். அதற்குப் பிறகு ம், ம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். மஹிரா உள்ளே போய்ப் பருப்பு மூட்டையைச் சரிசெய்வதுபோல நின்றாள். போனை வைத்துவிட்டு அவன் அவளைத் தேடி வந்து, வியாழக்கிழமை வருகிறாளாம் என்றான். அவன் முகத்தில் சந்தோஷமும் இல்லை, பயமும் இல்லை. களைத்துப்போனவனைப்போல இருந்தான்.

வியாழக்கிழமை பத்தரை மணி பஸ்ஸில் திரௌபதி இறங்கினாள். மகளையும் கூட்டி வந்திருந்தாள். நல்ல உயரம்; கையில் ஒரு கட்டைப்பை. பஸ் ஸ்டாண்டுக்கு மஹிராதான் போயிருந்தாள். பேட்டை வரை ஆட்டோவில் போகும்போது திரௌபதி அவன் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மெலிந்திருக்கிறார், ஆனால் வேலை நன்றாகச் செய்கிறார் என்று மஹிரா சொன்னாள்.

ஆதிநாராயணன் விவரம் தெரியாதவர் இல்லை. பார்த்ததும் புரிந்துகொண்டு, கம்பெனிக்குப் பின்னால் வைக்கோல் அடுக்கியிருந்த கொட்டகையைக் காலி செய்து கொடுத்தார். செல்வநாயகி அப்பாவைப் பார்த்ததும் ஓடவில்லை. அம்மா பின்னால் நின்று, அவன் கூப்பிட்ட பிறகு மெல்லப் போய் அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். வெளியே போகவா என்று மஹிரா கேட்டாள். இருங்கள் என்றாள் திரௌபதி. ஒரு ஆள் கூட இருந்தால் தனக்கு ஆத்திரம் வராது என்றாள்.

மாணிக்கவேல்தான் பேசினான். யாரிடமும் சொல்லாததை அன்றைக்குத்தான் சொன்னான் என்பது அவன் திணறியதிலேயே தெரிந்தது. அலை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை விடியலில் அவனும் இன்னும் மூன்று பேரும் ஆழத்தில் இருந்தார்கள். நல்ல பாடு. வலை நிறைய மீன். ஒருவன் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். பத்து மணிவாக்கில் கரை தெரியும் தூரத்துக்கு வந்தால் கரையில் ஊர் இல்லை. மிதந்து வந்த சாமான்களைத் தள்ளிக்கொண்டுதான் படகை ஓட்டினார்கள். அவனுடைய சின்ன மகள் அஞ்சலைக்கு அப்போது நாலு வயது. மூன்றாம் நாள்தான் உடலை எடுத்தார்கள்.

“படவுக்கு அடியிலதான் அந்த அலை போயிருக்குது. எனக்கு ஒண்ணுமே தெரியல. நான் சிரிச்சிக்கினு இருந்தேன், திரௌபதி. அந்த நேரத்துல சிரிச்சிக்கினு இருந்தேன்.”

மார்ச்சில் நாலு பேருக்கு ஒரு பைபர் படகு கொடுத்தார்கள். முதல் நாள் வயிற்று வலி என்று சொல்லி ஏறாமல் நின்றுவிட்டான். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் கூட்டாளிகள் ஒன்றும் கேட்காமல் அவனை விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் கேட்காததுதான் அவனுக்குத் தாங்கவில்லை. மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய், கிளம்பத் தயாராக நின்ற பஸ்ஸில் ஏறினான். அது விருத்தாசலம் பஸ். விசேஷமான காரணம் வேறு ஒன்றும் இல்லை.

அவர்களுக்குள் எப்போதும் நீ, நான்தான். அன்றும் திரௌபதி அப்படியே பேசினாள்.

“தெரிஞ்சிருந்தா மட்டும் அங்கேருந்து இன்னா பண்ணியிருப்ப? கையில புடிச்சிக்கினு இருந்த என்னாலயே ஒண்ணும் பண்ண முடியல.”

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் தொடர்ந்து சொன்னாள்.

“நானும் கடலப் பாக்குறதில்ல. அடுப்ப அந்தாண்ட திருப்பி வெச்சி, முதுவக் காட்டிக்கினுதான் சமைக்கிறேன். நீ போனது கூட எனக்குக் கோவம் இல்ல. சொல்லாம போன பாரு, அதான். ஆறு மாசமா இந்தப் பொண்ணு பஸ்ஸு சத்தம் கேட்டா வெளிய ஓடுது.”

அவனுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சத்தம் இல்லாமல் அழுதான். செல்வநாயகி அவன் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

கட்டைப்பையில் சோறும் கருவாட்டுக் குழம்பும் இருந்தன. மூன்று பேரும் சாப்பிட்டார்கள். மஹிராவுக்கும் ஒரு இலையில் வைத்தார்கள். சாப்பிட்ட பிறகு கடைவீதி ஸ்டூடியோவுக்குப் போய்ப் பத்திரத்துக்கு இருவரையும் சேர்த்து போட்டோ எடுத்தார்கள். பெண்ணை ஓரமாக நிற்கச் சொன்னார் போட்டோக்காரர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மூன்று பேரையும் வைத்து இன்னொன்றும் எடுத்தார். மாணிக்கவேல் பாரத்தில் தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டான். முதல் கட்டத்தில் மஹிரா குறி போட்டாள்.

அன்று சாயங்கால பஸ்ஸில் அவன் ஏறவில்லை. திரௌபதியும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளம் வாங்கிக்கொண்டு வருகிறேன், ஞாயிறு இருந்துவிட்டுத் திங்கள் காலை இங்கே திரும்பிவிடுகிறேன் என்றான். சரி என்றாள். கரையில் போய்க் குடியிருப்பது அவனால் ஆகுமா ஆகாதா என்பதை அன்றைக்கே முடிவு பண்ண வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

அவன் சொன்ன வார்த்தை தவறவில்லை. முதல் சனிக்கிழமை அவன் பஸ்ஸில் ஏறினானா என்று பார்க்க மஹிரா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோலப் போய் வந்தாள். ஏறினான். பிறகு அவள் பார்க்கப் போகவில்லை. அக்டோபரோடு அவள் வேலை முடிந்தது. பதினான்கில் பதிமூன்று பேர் கிடைத்திருந்தார்கள். ஒரு கிழவர் மட்டும் கடைசிவரை கிடைக்கவே இல்லை. அவர் பெயருக்கு நேரே இரண்டாவது கட்டத்தில் குறி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறு வருஷம் வீடு வந்தது. கரையிலிருந்து அரை மைல் உள்ளே தள்ளி, மூன்றாவது வரிசையில். அதற்குள் திரௌபதி மாதம் இரண்டு தடவை கருவாட்டுக் கூடையோடு விருத்தாசலம் வாரச்சந்தைக்கு வர ஆரம்பித்திருந்தாள். வரும்போதெல்லாம் மஹிரா வீட்டுக்குக் கொஞ்சம் நெத்திலி எடுத்து வைப்பாள். ஒரு தடவை அப்படி வந்தபோதுதான் முதல் வருஷ நினைவு நாளைப் பற்றிச் சொன்னாள். டிசம்பர் இருபத்தாறு அன்று ஊரே கரையில் கூடி, கடலில் பாலும் பூவும் விட்டது. மாணிக்கவேல் சவுக்குத் தோப்பு வரைக்கும் வந்தான். அதற்கு மேல் வரவில்லை. செல்வநாயகிதான் அவன் கையிலிருந்த பூவை வாங்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் போட்டுவிட்டு வந்தாள்.

இப்போது எப்படி இருக்கிறார் என்று மஹிரா கேட்டாள்.

“படவுல இன்னும் ஏறல. ஏறுவாரான்னு தெரியல. போன ஞாயித்துக்கெழம கரைக்குப் போயி, பசங்களோட ஒக்காந்து வலை பின்னிக் குடுத்துட்டு வந்தாரு. ரெண்டு மணி நேரம். கடலப் பாத்துக்கினுதான் ஒக்காந்திருந்தாராம்.”

சந்தையில் கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. திரௌபதி கூடையின் மேல் மூடியிருந்த சாக்கை எடுத்துவிட்டு, கருவாட்டைச் சின்னது பெரியது என்று பிரித்து வைக்க ஆரம்பித்தாள்.