கல்லாற்றில் கடிபடாத பதினாறு துண்டுகள்

1

இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை, பயத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. கரமனையில் இருக்கும் ஸ்ரீகண்டன், வேலையிலிருந்து ஓய்வு பெற்று சிற்றிதழ்களில் கதை எழுதுகிறவர், தன் மனைவி நாகலக்ஷ்மி சொல்லித்தான் இதை எழுத உட்கார்ந்தார்.

"முப்பது வருஷமா யார் யார் மனசுக்குள்ளேயோ பூந்து எழுதறேளே, கல்லாத்துல நடந்ததை ஒரு கதையா எழுதுங்கோ. அந்த பீநட் பட்டர் பார் யார் பண்ணினதுன்னு அதுல இருக்கணும். நேக்கு அவ்வளவுதான் வேணும்."

(ஸ்ரீகண்டன் தன்னையே ஸ்ரீகண்டன் என்று எழுதிக்கொள்வது ஓர் இலக்கிய உத்தி. 'நான்' என்று ஆரம்பித்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்குத் தெரியும்.)

2

முதல் தொடக்கம்: "நாகலக்ஷ்மி ஓவனைத் திறந்தபோது ஆற்றுக்கு மேலே மேகங்கள் —"

நாகலக்ஷ்மி ஓவனைத் திறக்கவே இல்லை. அன்று அவள் ஆபீஸில் இருந்தாள். அடித்தாயிற்று.

இரண்டாம் தொடக்கம்: "வேர்க்கடலைக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. எந்த அளவுக்கென்றால் —"

இது கட்டுரை. இந்த வழியில் போனால் பாரைச் செய்தவர் வந்து சேர நாற்பது பக்கம் ஆகும். ஸ்ரீகண்டனுக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. நாகலக்ஷ்மி தாளை வாங்கி மடித்து, ஆடுகிற மேஜையின் காலுக்கு அடியில் வைத்தாள்.

3

சரி, செய்முறைக்கு வருவோம். மொபைலில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்: வெண்ணெயை உருக்கு, பீநட் பட்டரும் பொடித்த சர்க்கரையும் பிஸ்கட் தூளும் சேர், தட்டில் பரப்பி இருபது நிமிஷம் ஓவனில் வை, மேலே உருக்கின சாக்லேட்டை ஊற்று, ஆறினதும் வெட்டு. ரொம்ப ஈஸி, குழந்தைகூடச் செய்யலாம்.

குழந்தை செய்திருந்தால் வம்பே இல்லை. செய்தவர் ஓர் அனுபவசாலி. (பெயர் பிறகு.) ஊரில் எந்தக் கல்யாணமானாலும் சமையற்காரர்களுக்குப் பக்கத்தில் நின்று அபிப்பிராயம் சொல்லியே பேர் வாங்கியவர், கரண்டியைத் தொட்டதில்லை. பாகு இல்லாமல் ஒரு பட்சணமா என்று அவருக்குத் தோன்றிவிட்டது. சர்க்கரையைத் தள்ளிவைத்துவிட்டு வெல்லப்பாகு காய்ச்சினார். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அதை உருட்டித் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் கேட்கிற வரைக்கும் அடுப்பை அணைக்கவில்லை. கடலைமிட்டாய்க்கு அதுதான் முறை. அந்தப் பாகில் பீநட் பட்டரைக் கொட்டிக் கிளறி, ஒரு ஜாக்கிரதைக்காக ஓவனில் நாற்பது நிமிஷம் வைத்தார்.

* அடிக்குறிப்பு: வெட்டியது தேங்காய் உடைக்கிற வெட்டுக்கத்தியால். அதன் கைப்பிடி இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

மேலே ஊற்றிய சாக்லேட் பளபளவென்று எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. ருசி பார்த்தாரா என்று கேட்பீர்கள். தான் எழுதினதையே திரும்பப் படிக்காதவர் அவர்.

சாயங்காலம் நாகலக்ஷ்மி தட்டைத் தூக்கிப் பார்த்தாள். "என்ன இது, இத்தனை கனம்?"

"சத்துள்ளதாக்கும். நாளைக்கு உங்க ஆபீஸ் டூருக்கு எடுத்துண்டு போலாம். நன்னா இருந்தா என் பேரைச் சொல்லு, கேட்டியா."

"நன்னா இல்லேன்னா?"

அந்த வாய்ப்பை அனுபவசாலி யோசித்திருக்கவில்லை.

4

ஆபீஸ்காரர்கள் குடும்பத்தோடு பொன்முடி மலைக்குப் புறப்பட்டார்கள். வழியில் வித்துராவில் டீ. கல்லாற்றங்கரையில் வண்டி நின்றதும் நாகலக்ஷ்மி டப்பாவைத் திறந்தாள். பதினாறு துண்டுகள். எல்லாருக்கும் மூத்தவர் என்பதால் சுவாமிதாஸ் சார் முதலில் கடித்தார். ஒரு சத்தம் கேட்டது. வாய்க்குள் விரலை விட்டு, பல்லுக்கு மேல் டாக்டர் போட்டிருந்த 'கேப்'பை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அதே ஆபீஸ் விஜின் தன் துண்டைப் பாறையில் தட்டினார். பாறையிலிருந்து ஒரு சில்லு —

(மிகை. அடித்தாயிற்று.)

பக்கத்து சீட்டுக்காரி ஷிஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்: "சேச்சி, இது ஆரு பண்ணினது?"

நாகலக்ஷ்மி ஒரு கணம் புருஷனைப் பார்த்தாள். அவர் ஆற்றில் மீன் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று கல்லாற்றில் மீன் இல்லை.

"நான்தான்," என்றாள் நாகலக்ஷ்மி.

5

ஒரு சொல்தானே, அதனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஸ்ரீகண்டனும் அப்படித்தான் கேட்டார்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த ஆபீஸில் மத்தியானம் முதலில் திறப்பது நாகலக்ஷ்மியின் டப்பாவைத்தான். அவள் உட்காரும் முன்பே நாலு கை நீளும். அவளுக்கு மிஞ்சுவது அடியில் ஒட்டினது மட்டும், அதை வீட்டில் வந்து குறையாகச் சொல்வதில் அவளுக்கு ஒரு கர்வம். கல்லாற்றுக்குப் பிறகு ஷிஜா "வயிறு ஃபுல் சேச்சி" என்கிறாள். விஜின் பல்லைத் தொட்டுக் காட்டுகிறார். வாட்ஸப் குரூப்பில் யாரோ பல் டாக்டர் நம்பர் போட்டிருந்தார்கள்.

"இன்னிக்கும் யாரும் கை வைக்கலை," என்றாள் நாகலக்ஷ்மி, பாத்திரம் தேய்க்கிற தொட்டிப் பக்கம் நின்றபடி, திரும்பாமல். "ரசவாங்கி. அப்படியே கொண்டுவந்திருக்கேன்."

ஸ்ரீகண்டன் டப்பாவைத் திறந்து பார்த்தார், ஒரு ஸ்பூன்கூடக் குறையவில்லை. ஆனாலும் எழுத்தாளர் அல்லவா, உடனே வேறு முடிவுகளை யோசித்தார்.

6

முடிவு அ: குற்றம் ஓவனுடையது.

"ஓவன் கோர்ட்டுல கேஸ் போட்டா ஜெயிச்சுடும்," என்றாள் நாகலக்ஷ்மி.

முடிவு ஆ: செய்தவர் சுடலைக்கண்ணு.

"அது யாரு?"

"கற்பனைப் பாத்திரம்."

"பாவம், அவரை விட்டுடுங்கோ."

முடிவு இ: ஒரு படைப்பை யார் செய்தார் என்பது பொருட்டே இல்லை. செய்து முடித்த கணத்திலேயே செய்தவர் செத்துப்போகிறார். இது பெரிய கோட்பாடு என்று ஸ்ரீகண்டன் விளக்கினார்.

நாகலக்ஷ்மி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "செத்தவர் இப்போதானே ரெண்டாவது காப்பி கேட்டார்?"

ஸ்ரீகண்டன் கடைசியாக ஒன்று முயன்றார். "எழுதினாலும், மலையாளம் வாசிக்கற உன் ஆபீஸ்ல தமிழ் யார் வாசிக்கறா?"

"ஷிஜா வாசிப்பா. நாகர்கோவில்ல படிச்சவ. ஒருத்தி போறும்."

7

அப்படியானால் இந்தக் கதைக்கு நிச்சயமான வாசகி ஒருத்தி இருக்கிறாள். முப்பது வருஷத்தில் ஸ்ரீகண்டனுக்கு இது முதல் தடவை. அவர் இனி இந்தக் கதையில் வேண்டாம், போகட்டும்.

ஷிஜா, அந்த பாரைப் பண்ணினது நான். பாகு வைத்ததும் நான், நாற்பது நிமிஷம் வைத்ததும் நான், மீன் பார்த்ததும் நான். சுவாமிதாஸ் சாரிடமும் சொல்லுங்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாகலக்ஷ்மி இதை நின்றபடியே படித்தாள். "முடிவு எங்கே?" என்று கேட்டாள்.

முடிவு என்னிடம் இல்லை. இந்தக் கதை அச்சான இதழ் வருகிற அன்று அவள் அதை டப்பாப் பையில் வைத்து எடுத்து வருவாள். மத்தியானம் டப்பாவைத் திறந்து, வழக்கம்போல மேஜை நடுவில் நகர்த்தி வைப்பாள். விஜினும் சாரும் உங்கள் கையைத்தான் பார்ப்பார்கள். அதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை, ஷிஜா, அது உங்கள் கையில் இருக்கிறது.

அன்றைக்குக் கத்திரிக்காய் ரசவாங்கி. பல்லுக்கு வேலையே இல்லை. பண்ணினது நாகலக்ஷ்மி.