வாசல் தாண்டிய இருமல்

கதவைச் சாத்துவதற்குள் இருமல் படியிறங்கித் தெருவுக்குப் போய்விட்டது. கண்ணாடிக்காரி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஒரு காலில் செருப்பும் மறுகாலில் ஒன்றுமில்லாமலும் அதன் பின்னால் ஓடினாள். அவளுக்குப் பின்னால் புருஷன் லாரிக்காரன், சட்டைப் பொத்தானைப் போட்டபடியே ஓடினான். ஆறு வருடமாக அந்த வீட்டுக் கதவு தேவைக்கு மேல் ஒரு நொடிகூடத் திறந்திருந்ததில்லை. அன்றைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் அதைப் பிடித்துக்கொண்டு, மகளுக்குத் தடுப்பூசி போடுவதா வேண்டாமா என்று மல்லுக்கு நின்றதில் சாத்த மறந்துவிட்டார்கள். இருமல், கொக்கரிப்பது போன்ற அந்த நீண்ட இழுப்போடு, சைக்கிள் கடையைத் தாண்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் பம்ப்பைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்.

இருமல் அவர்களுடைய மூத்த பிள்ளையுடையது. பிறந்து ஒன்றரை மாதம் நிறைவதற்குள் பிள்ளை போய்விட்டான். இருமல் மட்டும் போகவில்லை. முதலில் தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று நினைத்து பிளம்பரைக் கூப்பிட்டார்கள். அவர் கழற்றிப் பார்த்து, குழாய் நன்றாகத்தான் இருக்கிறது, இருமுவது சுவர் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார். டாக்டர் வந்து ஸ்டெதாஸ்கோப்பைச் சுவரில் வைத்துக் கேட்டு ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். மூன்று வேளையும் சுவரில் தடவியதில் எறும்பு வந்ததுதான் மிச்சம். பிறகு வீடு பழகிக்கொண்டது. காலையில் இருமல் சமையலறை ஜன்னலோரம் இருக்கும். மழைக்காலத்தில் பீரோவுக்குப் பின்னால் ஒதுங்கும். கரண்ட் போனால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். தபால்காரர் அது ஓயும்வரை நின்றுதான் மணியடிப்பார். தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு வரும் தகப்பன், அது எந்த மூலையில் இருக்கிறதோ அந்த மூலைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிடுவான். அடுத்த வருடமே ஒரு பெண் பிறந்தாள். குட்டியாய், உருண்டையாய், கோபம் வந்தால் காரமாய் இருந்ததால் மிளகு என்று கூப்பிட்டார்கள். அவள் முதன்முதலில் பேசிய சொல் 'அண்ணா'. பீரோவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

பிள்ளையைக் கொண்டுபோனது கக்குவான் இருமல் என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். அதற்கான ஊசி போடும் வயது அவனுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. ஊசி போடாத யாரோ ஒரு பெரிய பிள்ளையிடமிருந்து தொற்றியிருக்கும் என்றார். ஆனால் சாவு வீட்டில் முதலில் வாயைத் திறந்தவள் லாரிக்காரனின் அக்கா. பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் குத்திய ஊசிதான் பச்சைப்பிள்ளையைத் தின்றது என்று அவள் சொன்னாள். தம்பி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். ஊசி என்றால் ஒரு முகம் இருந்தது, கோபப்பட வசதியாக இருந்தது. டாக்டரின் 'யாரோ'வை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த 'யாரோ' கண்ணாடிக்காரியிடம் மிஞ்சிவிட்டது. அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸை உரசிச் சட்டத்தில் பொருத்துகிறவள். ஒரு பிசிறு கூடினால் லென்ஸ் உட்காராது, அழுத்தினால் உடையும். ஆறு வருடமாக அந்த 'யாரோ'வை அவள் மனசுக்குள் உரசிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை, வார்டில் எதிர்க் கட்டிலுக்கு வந்துபோன பிள்ளை என்று எதை வைத்துப் பார்த்தாலும் பொருந்தவில்லை.

நாத்தனார் இரண்டு தெரு தள்ளி சலவைக் கடை வைத்திருந்தாள். பிறந்த குழந்தையைப் பார்க்க முதல் ஆளாக ஓடிவந்தவள் அவள்தான், தன் மகன் பயில்வானையும் கூட்டிக்கொண்டு. ஒரு ஊசிகூடப் போடாமல் வளர்த்த பிள்ளை எப்படி இருக்கிறான் பார் என்று அவனைத் தெருவெல்லாம் காட்டுவாள். பிள்ளை போனபிறகு அவள் தம்பி வீட்டு வாசலை மிதித்ததே இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்கத் தன்னால் முடியாது என்றாள். பாசம் என்றால் இதுவல்லவா பாசம் என்று தெரு பேசிக்கொண்டது.

மிளகுக்கு ஐந்து முடிந்தது. தடுப்பூசி போடாத பிள்ளைகளுக்கு இடமில்லை என்று அந்த வருடம் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். லாரிக்காரன் போய்ச் சத்தம் போட்டான். தலைமையாசிரியை முழுக்கக் கேட்டுவிட்டு, உங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரப்போகிற பிள்ளைக்கும் ஒரு அப்பா இருக்கிறார் என்று மட்டும் சொன்னார். அப்படியானால் வீட்டிலேயே நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று கிளம்பி வந்தவன், ஒரு மாதத்தில் மகளுக்கு லாரியைப் பின்னால் எடுக்கும்போது குரல் கொடுக்கச் சொல்லிக்கொடுத்தான். "வா, வா, ரைட்ல ஒடி, போதும்" என்று மிளகு கச்சிதமாகச் சொல்வாள். எழுத்து ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்காரி சுகாதார நிலையத்துக்குப் போய் நர்ஸிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள். காய்ச்சல் வரலாம், கை வலிக்கலாம், ஓரிரு நாளில் சரியாகும் என்றாள் நர்ஸ். கடைசியாகத் தயங்கித் தயங்கி, ஊசி போட்டால் வீட்டில் இருக்கிற இருமல் போய்விடுமா என்று கேட்டாள். "அது எங்க பாடத்துல இல்லம்மா" என்றாள் நர்ஸ்.

அதுதான் இருவருக்கும் உள்ளூர இருந்த பயம். போனால், பிள்ளை இரண்டாம் தரம் போகிற மாதிரி. லாரிக்காரன் வாசலில் நின்று கேட்டது ஒரே கேள்வி: "ஊசி போட்டு இன்னொரு மூலையும் இருமணுமா?" அதற்குப் பதிலாகத்தான் அவள் கதவைப் பிடித்து இழுத்தாள்.

இப்போது இருமல் முச்சந்திக்கு வந்து இடதுபக்கம் திரும்பியது. சுகாதார நிலையம் வலதுபக்கம். பள்ளிச் சேர்க்கைக்கு அன்றுதான் கடைசி நாள். ஊசி மத்தியானம் வரைதான். கண்ணாடிக்காரி நின்றாள். இடதுபக்கச் சத்தம் தேய்ந்துகொண்டே போயிற்று. செருப்பில்லாத காலில் தார் சுட்டது. மகளை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவன நீங்க பாத்துக்கங்க. இவள நான் பாத்துக்கறேன்" என்றாள் புருஷனிடம்.

"அது போயிடும்டி" என்றான் அவன்.

"போனவனுக்காக இருக்கிறவள நிறுத்திவைக்க முடியாதுங்க." அவள் வலதுபக்கம் திரும்பி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கால் இடதுபக்கம் போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

மிளகு ஊசிக்கு அழவில்லை. நர்ஸ் கையை நீட்டச் சொன்னபோது "ரைட்ல ஒடி" என்றாள், ஊசி இறங்கியதும் "போதும்" என்றாள். மீதி ஊசிகளுக்குத் தேதி குறித்துக் கொடுத்தார்கள். கையில் பஞ்சோடு பள்ளிக்குப் போய்ச் சேர்த்துவிட்டு, கண்ணாடிக்காரி மகளுடன் இருமலைத் தேடிக் கிளம்பினாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. இந்தப் பக்கமாகத்தான் போயிற்று என்று கடைக்குக் கடை கைகாட்டினார்கள், தொலைந்த ஆட்டுக்குட்டிக்கு வழி சொல்வதைப்போல.

சலவைக் கடைப் படியில் லாரிக்காரன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே மேஜையில் இஸ்திரிப்பெட்டி ஒரு வெள்ளைச் சட்டையைக் கருக்கிக்கொண்டிருந்தது. நாத்தனார் அதை எடுக்கவில்லை. பள்ளி திறக்காததால் பயில்வானும் கடையில்தான் இருந்தான். பத்து வயதுப் பையன், துணி மூட்டைமேல் படுத்துப் படக்கதை படித்துக்கொண்டிருந்தான். இருமல் அவனை ஒரு சுற்றுச் சுற்றி, ரொம்ப நாள் கழித்துத் தன் வீட்டுக்கு வந்த ஆளைப்போல அவன் விலாவோரம் சாய்ந்தது. பயில்வான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தான். கண்ணாடிக்காரிக்குள் ஆறு வருடமாகச் சுற்றிக்கொண்டிருந்த லென்ஸ் பிசிறில்லாமல் சட்டத்தில் உட்கார்ந்தது.

நாத்தனார் இரண்டு மூன்று வாக்கியம்தான் பேசினாள். கண்ணாடிக்காரி கத்தவில்லை. இஸ்திரிப்பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். "நாளைக்குப் பயில்வானக் கூட்டிட்டு வாங்க அண்ணி. மத்தியானத்துக்குள்ள வரணும்" என்றாள். நாத்தனார் கூட்டிக்கொண்டு வந்தாள்.

இருமல் இன்றைக்கும் சலவைக் கடையில்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் மூட்டைகளுக்கு நடுவே ஒதுங்கிக்கொள்கிறது; துணி வாங்க வருகிறவர்கள் அது ஓய்ந்தபிறகு சில்லறையை நீட்டுகிறார்கள். மிளகு பள்ளி விட்டு வரும்போது அங்கே நின்று, அன்றைய பாடத்தை அண்ணனுக்கு ஒப்பித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். அவளுடைய மீதி ஊசிகளுக்கெல்லாம் லாரிக்காரனே தூக்கிக்கொண்டு போனான். எப்படி மனசு மாறினாய் என்று தெரு கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிற்று. அவன் சொல்லவில்லை, அவன் பெண்டாட்டியும் சொல்லவில்லை. இஸ்திரிப்பெட்டி புகைந்துகொண்டிருந்த அந்த மத்தியானம் அவனுடைய அக்கா சொன்னது இதுதான்:

"பாக்க வந்த அன்னைக்கே பயில்வானுக்கு இந்த இருமல்தான் தம்பி. வெறும் சளின்னு நெனச்சேன். ஒரே ஒரு தடவ தூக்கிக்கறேன்னு கெஞ்சினான். பிள்ளைய அவன் மடியில வெச்சது நான்தான்."