தழும்பில்லாத கை

"எந்தக் கையை மேல வைக்கட்டும்?" என்று கேட்டார், சவ அடக்கம் நடத்தும் ஹாலிஸ்.

தார்யா பெட்டிக்குள் குனிந்து அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஐந்து மாத வயிறு விளிம்பில் இடித்தது.

"வலது. இடது, தானியம் ஏத்துற மிஷின்ல போனது. கையுறை போட்டுடுங்க."

கோதுமை விளையும் அந்தச் சமவெளியில் ஆண்களின் விரல்களை யாரும் எண்ணுவதில்லை. ஒன்றிரண்டை மிஷின் தின்றிருக்கும்.

"மிஷினா?" ஹாலிஸ் இடது கையைத் திருப்பினார். நடுவில் ஆழப் பிளந்து, இரண்டே விரல்கள். "தழும்பே இல்லையேம்மா. இது பிறவியிலேயே இப்படி."

ஜன்னலோரம் பின்னிக்கொண்டிருந்த ஸ்டெஃப்கா அத்தையின் ஊசிகள் நின்றன.

"அத்தை?"

"நின்னுட்டே இருக்காத, உக்காரு."

"அத்தை!"

"எங்கம்மாவுக்கும் அப்படித்தான். எனக்கு வரல. ஆனா எனக்குள்ள ஒளிஞ்சிருந்து பிள்ளைக்குப் போகலாம்னார் டாக்டர். நான் கட்டிக்கவே இல்ல. உங்கப்பன் தைரியசாலி, கட்டிக்கிட்டான். நீ பிறந்ததும் துணியை விலக்கி விரலைத்தான் எண்ணினான். பத்தும் இருந்துச்சு. அப்புறம் இந்த ஊருக்கு வந்து, மிஷின் கதையை அவிழ்த்துவிட்டான்."

ஆஸ்பத்திரிப் படிவத்தில், குடும்பத்தில் யாருக்காவது பிறவிக் குறை உண்டா என்ற கேள்விக்கு நேராக 'இல்லை' என்று எழுதிவிட்டு வந்தவள் தார்யா. இந்தச் செவ்வாய்க்கிழமை ஸ்கேனில் குழந்தை ஒரு கையை முகவாய்க்கடியில் மறைத்தே வைத்திருந்தது. "வெக்கப்படுது உங்க பிள்ளை. வெள்ளிக்கிழமை மறுபடி வாங்க, பாத்துடலாம்," என்று சிரித்தாள் ஸ்கேன் எடுத்த பெண். அதையே தார்யா வேடிக்கையாக அப்பாவிடம் போனில் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

"எந்தக் கை?" என்று மட்டும் கேட்டார். இடது என்றாள்.

மறுநாள் காலை கொட்டகையில் விழுந்து கிடந்தார். மாரடைப்பு.

"என்கிட்ட பேசினப்புறம் உங்ககிட்டயும் பேசினாரா, அத்தை?"

"பேசினான்."

"என்ன சொன்னார்?"

அத்தை பின்னலை அவசரமாகப் பைக்குள் திணித்தாள். நூலுருண்டை நழுவி, தரையில் உருண்டு தார்யாவின் காலருகே நின்றது. அவள் நூலைப் பிடித்து மெல்ல இழுத்தாள். பின்னல் வெளியே வந்தது.

சாம்பல் நிறக் குட்டிக் கையுறை. இடது கைக்கு. இரண்டே விரல்கள், ஒன்று முடிந்திருந்தது, இன்னொன்று பாதியில் ஊசியில் தொங்கியது.

"கையுறை கொண்டுவரட்டுமா?" என்றார் ஹாலிஸ்.

"வேண்டாம். கை அப்படியே தெரியட்டும்."

தார்யா பின்னலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு அத்தையின் மடியில் வைத்தாள்.

"இங்க ஒரு கண்ணி விட்டுப்போச்சு, அத்தை."

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரிசையைப் பிரிக்கத் தொடங்கினாள்.