கல்லறை வேலியில் இரண்டு அங்குலம்

இரண்டு வருடத்தில் ஹெய்ல்வென் ஏழு விண்ணப்பம் எழுதிவிட்டாள். ஏழிலும் கேட்டது ஒன்றைத்தான். பெராக்கா சிற்றாலயத்தின் பக்கவாசலை ஒட்டியிருக்கும் கல்லறையின் இரும்பு வேலியைக் கொஞ்சம் உள்ளே தள்ள வேண்டும். வேலிக்கும் சுவருக்கும் நடுவே இருபத்து நான்கு அங்குலம். அவள் கணவன் இத்வலின் சக்கர நாற்காலி இருபத்தாறு. போயும் போயும் இரண்டு அங்குலத்துக்கு இத்தனை கடிதமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்லறையில் படுத்திருப்பவர் எபெனேசர் போதகர். இருநூறு வருடத்துக்கு முன் பிரசங்கத்தால் வேல்ஸின் மூன்று பள்ளத்தாக்குகளை அழவைத்தவராம். கல்லறையும் வேலியும் அரசாங்கத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தன. 'வேலி: அக்காலத்தியது, மிக நேர்த்தியான கைவேலை' என்று அதில் ஒரு வரி. அந்த வரிதான் வினை. செத்தவருக்கு இருக்கும் செல்வாக்கு உயிரோடு இருப்பவனுக்கு இல்லை.

முன்வாசலில் ஒன்பது படிகள். இறங்கினால் நேரே சாலை. சாய்தளம் போட இடமில்லை. நாலு பேராகத் தூக்கிப் போகிறோம் என்று சபையார் சொல்லிப் பார்த்தார்கள். இத்வலின் முகம் சிவந்துவிட்டது.

"இந்த வாசல்ல என்னைத் தூக்கிட்டுப் போறது ஒரே ஒரு தடவதான். அதுக்கு இன்னும் நாள் இருக்கு."

பக்கவாதம் அவன் இடது பக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டது, குரலைத் தொடவில்லை. முப்பத்தெட்டு வருடம் பெராக்காவுக்குப் பாட்டெடுத்துக் கொடுத்தவன். அவன் முதல் அடியை எடுத்தால்தான் சபையில் நாலு குரலும் நாலு வழியில் ஒழுங்காகப் பிரியும். இப்போது ஆர்கனில் உட்காரும் ஹெய்ல்வென்னே தொடங்க வேண்டியிருந்தது. இருக்கிற பதினோரு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இத்வல் கோட்டும் டையுமாக வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். அதைப் பார்த்துவிட்டுத் தனியாகக் கிளம்புவது அவளுக்கு நரகமாக இருந்தது.

இத்தனைக்கும் அந்த வேலி பழையதே இல்லை. போதகரின் அசல் வேலியை இரண்டாம் உலக யுத்த காலத்தில் இரும்புக்காகப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது நிற்பது, ராணிக்கு முடிசூட்டிய வருடம் இத்வலின் அப்பா டியூடர் அடித்துக் கொடுத்தது. ஊர்க் கொல்லர் அவர். சபையின் பழைய கூட்டக் குறிப்பேட்டில் அந்த வருடத்தைக் கண்டுபிடித்ததும் ஹெய்ல்வென் துள்ளினாள். அப்புறம்தான் படித்தாள்.

'கல்லறை வேலி, ஒரு நண்பரின் தயவால், பழையபடி ஆனது.'

ஒரு நண்பர்! பெராக்காவில் யார் எதைக் கொடுத்தாலும் பெயரை எழுத மாட்டார்கள். எழுதினால் கொடுத்தவருக்குப் பெருமை வந்துவிடும், பெருமை பாவம். ஆர்கன் கொடுத்தது ஒரு நண்பர், கடிகாரம் ஒரு நண்பர், பிரசங்க மேடைக்கு மெத்தை தைத்தது ஒரு நண்பர். இவர்கள் அடக்கத்தில் இடி விழ என்று அவள் குறிப்பேட்டைப் படாரென்று மூடினாள்.

அந்த வரியைப் படமெடுத்து எட்டாவது கடிதத்தோடு அனுப்பினாள். பதிலுக்குத் தலைநகர் கார்டிஃபிலிருந்து, பட்டியல் அலுவலகத்து ஆளே வந்தாள். மிஸ் பென்ரி, சின்னப் பெண். வகுப்பில் படித்த வெல்ஷ் மொழியை, கீழே போட்டால் உடைந்துவிடும் என்பதுபோலப் பேசினாள். நல்ல பெண். அதுதான் எரிச்சல், திட்டக்கூட முடியவில்லை. ஹெய்ல்வென் இத்வலையும் தள்ளிக்கொண்டு அவளோடு கல்லறை வேலிக்கு வந்தாள்.

"'பழையபடி ஆனது'ன்னா, எடுத்துட்டுப் போன வேலியே திரும்பி வந்துடுச்சுன்னும் அர்த்தம் வருதே மேடம்."

"வரல. அத உருக்கிட்டாங்க."

"எழுத்துல இல்லையே. புதுசா செஞ்சதக் கண்ணால பார்த்தவங்க யாராவது இருந்தா, அவங்க சொல்றத எழுதிக் கையெழுத்து வாங்கிக்கறேன். அது போதும். வேலியப் பட்டியல்லருந்து எடுத்துடலாம், அப்புறம் நீங்க நகர்த்திக்கலாம்."

"இதோ உக்காந்திருக்காரே! இவரோட அப்பாதான் செஞ்சாரு, சின்னப் பையனா இவர் கூட நின்னு பார்த்தாரு. கேளுங்க!"

மிஸ் பென்ரி சக்கர நாற்காலியின் முன் குனிந்தாள். "மிஸ்டர் பரி, இந்த வேலிய யார் செஞ்சாங்க?"

இத்வல் வேலியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தப் பட்டியல்ல இதப் பத்தி என்னம்மா எழுதியிருக்கு? படி."

படித்தாள்.

"கைவேலைன்னு வருதே, அத மட்டும் இன்னொரு தடவ."

"மிக நேர்த்தியான கைவேலை."

"ரொம்பப் பழசும்மா இது," என்றான் இத்வல். "நான் பொறக்கறதுக்கு முன்னாடியே இருந்தது. இவ வெளியூர்லருந்து வாழ வந்தவ, இவளுக்குத் தெரியாது."

அந்தப் பெண் எழுதினாள், இவன் நல்ல கையால் கையெழுத்துப் போட்டான். அவள் கார் வளைவு திரும்பும்வரை ஹெய்ல்வென் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? சேப்பல் வாசல்ல உக்காந்துக்கிட்டு இப்படி ஒரு பொய்யா!"

"எங்கப்பா நாப்பது வருஷம் இந்த ஊருக்கு இரும்படிச்சார். நல்லாருக்குன்னு ஒருத்தன் வாயத் தொறந்து சொன்னதில்ல. சொன்னா தலக்கனம் ஏறிடுமாம். நானும் சொன்னதில்ல, ஹெய்ல்வென். இப்ப ராஜாங்கமே எழுதி வச்சிருக்கு. பட்டியல்லருந்து எடுத்தா அந்த வரியும் போயிடும்."

"அதுல உங்கப்பா பேரே இல்லையேடா!"

"வேல இருக்கே."

அவளுக்கு அது புரியவும் செய்தது. புரிந்ததால் கோபம் இன்னும் கூடியது.

"அப்ப நீ எப்படி உள்ள வருவ?"

"கதவத் தொறந்து வை. இங்கருந்தே எடுத்துக் குடுக்கறேன். நான் பாடறது உள்ள கேக்கும்."

"அவங்களுக்குக் கேக்கும். நான் ஆர்கன்கிட்ட உக்காந்திருக்கேன், எனக்கு என்ன கேக்கும்?" அவள் குரல் உடைந்தது. "நீ பாடணும்கறதுக்காகவா எட்டுக் கடுதாசி எழுதினேன்? எனக்காகத்தான் எழுதினேன். உள்ள தனியா உக்கார முடியல என்னால."

இத்வல் அதை எதிர்பார்க்கவில்லை. போட்ட கையெழுத்து கார்டிஃபுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியின் பிரேக்கை விடுவித்தாள். வேலிவரை வரும் குறுகிய பாதையில் நாற்காலியைத் திருப்ப இடமில்லை. வாசற்கேட் வரைக்கும் அவனைப் பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனாள்.