மாடி மாமா

மகள் வாண்டுவின் பூட்ஸ் கயிற்றை முடிச்சுப் போட்ட பிறகும் அவன் குத்துக்காலிட்டபடியே இருந்தான். எழுந்தால் முட்டி வலிக்கும். ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை இஸ்திரி இயந்திரத்தின் உருளைக்குள் சுருக்கம் இல்லாமல் ஊட்டிவிடுவது அவன் வேலை. ராத்திரி முழுக்க நின்றபடி செய்யவேண்டிய வேலை அது. மகள் அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் ஆடினாள். "போயிட்டு வரேன்ப்பா, நீ தூங்கு" என்று காதுக்குள் கிசுகிசுத்தாள். இந்த வீட்டில் "அப்பா" என்ற சொல்லை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. பக்கத்து அறையில் தும்மினால் இங்கே கேட்கும், அப்படிப்பட்ட சுவர். பிறகு அவளே கதவைத் திறந்து படியைத் தாண்டினாள். தாழ்வாரத்தில் நின்று திரும்பிப் பார்த்து, நாலு பேர் காதில் விழும்படி, "வரேன் மாமா, நீங்க உள்ள போங்க" என்றாள்.

படிக்கு உள்ளே அப்பா, வெளியே மாடி மாமா. அதாவது மேல்மாடியில் குடியிருக்கிற, எப்போதாவது வந்து போகிற, அம்மாவுக்குத் தெரிந்த ஒரு மாமா. அந்தக் கட்டடத்தின் மேல்மாடிக்கு அவன் ஒருநாள்கூட ஏறியதில்லை என்பது வேறு விஷயம்.

விசா முடிந்த பிறகும் ஊர் திரும்பாமல் இருந்துவிட்டவர்கள் அவனும் அவன் மனைவியும். இந்த வருஷத்தோடு சரி, அடுத்த வருஷத்தோடு சரி என்று தள்ளிப்போட்டதில் வாண்டு பிறந்தாள், நடந்தாள், இந்த ஊர் மொழியில் அவர்களையே திருத்துகிற அளவுக்கு வளர்ந்தாள். அவளுக்குப் பேச்சு வந்த சமயத்தில்தான் சலவைக்கூடத்தில் கூட வேலை பார்த்த ஒருவனைப் பள்ளிக்கூட வாசலில் வைத்துக் குடியேற்றத் துறைக்காரர்கள் பிடித்தார்கள். அவன் குழந்தை "அப்பா, அப்பா" என்று காலைக் கட்டிக்கொண்டு அழ, அந்தக் குழந்தையோடு வீடு வரைக்கும் போய் அதன் தாயையும் பிடித்தார்கள். அன்றைக்கு இவர்கள் இரண்டு பேரும் சாப்பிடாமல் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவுதான் இந்த மாமா. மாட்டினால் அவன் மட்டும் மாட்டட்டும், தாயும் பிள்ளையுமாவது தப்பட்டும்.

சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதுமா? குழந்தை மறந்துவிட்டால்? அதனால் சோதனை வைத்தார்கள். தையல் வேலை பார்க்கும் அவன் மனைவிதான் பரீட்சை அதிகாரி. கடைக்குப் போகிற வழியில் திடீரென்று குனிந்து, "இங்க யாருமே இல்லடா கண்ணு, இன்னைக்கு மட்டும் அப்பான்னு கூப்பிட்டுக்கோ" என்பாள். வாண்டு ஆசையாகக் கூப்பிட்டுவிட்டால் போச்சு. இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் பேசாமல் வருவார்கள். "மாமாதான்" என்று பிடிவாதமாகச் சொன்னால் யாருக்கும் தெரியாமல் உள்ளங்கையில் ஒரு மிட்டாய் வைத்து மூடிவிடுவான் அவன். முதலில் சிலமுறை ஏமாந்து அழுதாள். அப்புறம் யார் கேட்டாலும், எப்படிக் கேட்டாலும், அவளை அசைக்க முடியவில்லை. என்ன கெட்டிக்காரி என்று பெற்றவர்கள் மெச்சிக்கொண்டார்கள். இப்போது அந்தக் கெட்டிக்காரத்தனமே வினையாகிவிட்டது.

ஏனென்றால் சட்டம் மாறிவிட்டது. இங்கே பிறந்து இங்கேயே படிக்கிற பிள்ளையைக் குடும்பமாக வளர்த்து வருகிறவர்கள் இனி மனுப் போட்டுத் தங்கலாம். துணி தைக்கக் கொடுக்க வந்த ஒரு பெண் சொல்லித்தான் வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தார்கள். வக்கீலம்மாவும் இவர்கள் மொழிக்காரர்தான். மூன்று பேரும் சேர்ந்து எடுத்த படம் ஒன்று காட்டச் சொன்னார். இல்லை. பள்ளிக்கூடத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறதா? இல்லை, அந்த இடத்தில் ஒரு கோடு இருக்கிறது. டாக்டரிடம் கூட்டிப்போனது யார்? அம்மா மட்டும். வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"கொலை பண்ணினவன்கூட இவ்வளவு சுத்தமா தடயத்த அழிக்க மாட்டான். குடும்பம் நடத்தினீங்களா, என்ன பண்ணினீங்க?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. மனைவி சிரிக்கவில்லை.

"சரி, போகட்டும். நேர்ல கூப்பிடுவாங்க. அதிகாரி பொண்ணுகிட்டயே கேப்பார், இவர் யாருன்னு. அவ அப்பான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், மிச்சத்த நான் பாத்துக்கறேன். அதென்ன பெரிய விஷயம்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதே சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. பெற்ற பிள்ளைக்கு இப்படியா சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்கள்.

அன்று மாலை மகளை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தார்கள். அப்படி நடப்பதே புதுசாக இருந்தது. எப்போதும் அவன் பத்தடி முன்னால் போவான், அல்லது பின்னால் வருவான். வாண்டு தன் கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"இனிமே வெளியிலயும் நான் அப்பாதான்மா. எல்லாம் மாறிப்போச்சு. கூப்பிடு பாப்போம்" என்றான்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வாயோரத்தில் ஒரு குறும்பு தெரிந்தது.

"நான் ஏமாற மாட்டேன் மாமா."

"நிஜமாத்தாண்டி சொல்றார்" என்றாள் மனைவி.

"போன தடவையும் நிஜமாத்தான்னு சொன்னீங்க."

கெஞ்சினார்கள், அதட்டினார்கள், சாமி மேல் சத்தியம் செய்தார்கள். எவ்வளவு கெஞ்சினார்களோ அவ்வளவுக்கு அது கஷ்டமான பரீட்சை என்று அவள் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குள் கழுத்தைக் கட்டிக்கொண்டு "அப்பா" என்று கொஞ்சுவாள். வெளியே கால் வைத்ததும் வாயில் பூட்டுத்தான். அவன் அலுத்துப்போய்விட்டான். ஒளிந்து திரிந்த இத்தனை வருஷத்திலும் வராத அலுப்பு அது. மகள் தப்பு ஏதாவது செய்திருந்தால் கண்டிக்கலாம். அவளோ சொன்னபடி கேட்கிறாள்.

விசாரணைக்குக் கூப்பிட்ட நாளன்று குடியேற்ற அலுவலகத்தில் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் இவர்களைப்போலவே பலர் தங்களிடம் இருந்ததிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். அவன் சட்டையில் அவனே போட்ட இஸ்திரி மடிப்பு கத்திபோல் நின்றது. கூப்பிட்டதும் மனைவியும் மகளும் வக்கீலம்மாவும் அவனுமாக உள்ளே போனார்கள். அதிகாரி நடுவயதுக்காரர். அன்றைக்கு எத்தனையாவது குடும்பமோ, அவர் முகத்திலும் களைப்புத்தான். பெரியவர்களிடம் கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு வாண்டுவைப் பார்த்துப் புன்னகை செய்தார். அவர் சட்டையில் அடையாள அட்டை தொங்கியது. அவள் பார்வை அந்த அட்டையிலேயே நின்றது. அந்தப் பார்வை எதற்கென்று அவனுக்குத் தெரியும். அட்டை போட்டவர்கள் கேட்டால் ரொம்ப ஜாக்கிரதை என்று சொல்லிக்கொடுத்தவனே அவன்தானே.

இவர் யார் என்று அதிகாரி கேட்டார்.

வாண்டு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். "இவர் எங்க மாடி மாமா" என்று இந்த ஊர் மொழியில், ஒரு பிசிறு இல்லாமல் சொன்னாள். "மேல குடியிருக்கார். எப்பவாவது வருவார்."

மனைவியிடமிருந்து மூச்சு இழுக்கிற ஓசை வந்தது. வக்கீலம்மாவின் பேனா அப்படியே நின்றது. அவன் மகளைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அதிகாரியையே பார்த்துக்கொண்டு, மேசைக்கு அடியில் அவன் பக்கமாகத் தன் உள்ளங்கையை விரித்து நீட்டியிருந்தாள். மிட்டாய்க்கு.

அந்தக் கையைப் பார்த்ததும் அவனால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. வாய்க்கு வந்த அரைகுறை மொழியில், மாமா வந்த கதையை, பள்ளிக்கூட வாசலை, சோதனைகளை, மிட்டாயை எல்லாம் கொட்டினான். இடையில் அழுதுவிட்டான். குனிந்து மேசைக்கு அடியில் பாருங்கள் என்று அதிகாரியிடம் சொன்னான். அவர் குனியவில்லை. ஏதோ எழுதிக்கொண்டார். பிள்ளையை ஒருமுறை தனியாக விசாரிக்கவேண்டியிருக்கும், மறுபடி அழைப்போம் என்றார்.

"கெட்டுப்போச்சுன்னு சொல்ல முடியாது. நல்லாப் போச்சுன்னும் சொல்ல முடியாது" என்றார் வக்கீலம்மா வெளியே வந்து. "இத எங்கிட்ட முதல்லயே சொல்றதுக்கு என்ன கேடு?" பிறகு வாண்டுவின் கன்னத்தைத் தட்டிவிட்டு, அடுத்த குடும்பத்தைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வாசல் படிக்கட்டில் மூவரும் நின்றார்கள். அம்மா அழுவதைப் பார்த்து வாண்டுவுக்கு உதடு பிதுங்கியது.

"நான் தப்பா சொல்லிட்டேனா?"

அவன் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். சட்டைப்பையில் எப்போதும் கிடக்கிற மிட்டாய் ஒன்றை எடுத்து, ஒளிக்காமல், எல்லோரும் பார்க்கக் கொடுத்தான்.

"நீ சரியாத்தாண்டா சொன்ன. நாங்கதான் தப்பு. இனிமே சோதனையே கிடையாது. உனக்கு எப்பத் தோணுதோ அப்பக் கூப்பிடு. தோணலன்னா விட்டுடு."

அவள் மிட்டாயைப் பிரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தாள்.

சாலையில் அலுவலகம் விடுகிற நேரத்துக் கூட்டம். பேருந்துகள் உறுமிக்கொண்டு நின்றன. சலவைக்கூடத்தில் ராத்திரி வேலைக்கு ஒரு மணி நேரம்தான் தாமதம் சொல்லியிருந்தான், இப்போதே நேரமாகிவிட்டது. அவன் கால்கள் பழக்கதோஷத்தில் வேகம் பிடித்து அவனைப் பத்தடி முன்னால் கொண்டுபோய்விட்டன. மறுபடி எப்போது கூப்பிடுவார்களோ, அதுவரைக்கும் யார் கண்ணிலும் படாமல் இருக்கவேண்டுமே என்று ஓடிக்கொண்டிருந்தது மனது.

பின்னால் எங்கேயோ ஒரு குழந்தை "அப்பா!" என்று கத்தியது. நம் மொழியில், இந்த ஊரில், இவ்வளவு சத்தமாக. அந்தச் சொல்லைக் கிசுகிசுப்பாகவே கேட்டுப் பழகிய அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. கொடுத்துவைத்தவன் எவனோ, நடுத்தெருவில் பிள்ளை உரிமையோடு கூப்பிடுகிறது. "அப்பா! அப்பா!" குரல் நெருங்கி வந்து உடையத் தொடங்கியது. பிள்ளை இப்படித் தொண்டை வலிக்கக் கத்துகிறது, திரும்பிப் பார்க்காமல் போகிறானே, இவனெல்லாம் ஒரு தகப்பனா என்று அவனுக்குக் கோபம் வந்தது. அந்தக் கல்நெஞ்சக்காரன் யாரென்று கண்டுபிடிக்க, தனக்கு முன்னால் போகிற தலைகளில் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டே அவன் நடந்தான்.