இடது கையில் கட்டிய காப்பு

நாற்பது நாளாக அழகுபாண்டி எழுந்ததும் செய்கிற முதல் வேலை, மனைவி தமிழ்ச்செல்வியின் இடது மணிக்கட்டில் காதை வைத்துக் கேட்பது. உள்ளே ரத்தம் உர்ரென்று இரைந்து ஓடினால்தான் அவனுக்குக் காப்பி இறங்கும்.

சிறுநீரகம் போனவளுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கழுத்தில் குழாய் போட்டிருந்தார்கள். அது ஒரு தடவை சீழ் வைத்து, அவள் பிழைத்ததே பெரும்பாடு. கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஆபரேஷன் செய்தால் ஊசியைக் கையிலேயே குத்தலாம். அதற்கு மதுரை ஆஸ்பத்திரியில் நிற்கிற கூட்டம் ரேஷன் கடையில்கூடக் கிடையாது. சொந்த ஊர் எழுமலையிலிருந்து ஐந்து மாதம் அலைந்துதான் இடது கையில் நடந்தது; அந்த இணைப்பில் ரத்தம் ஓடுகிற இரைச்சலைத்தான் அவன் தினமும் கேட்பது. அடுத்த வாரம் கழுத்துக் குழாயை எடுத்துவிடலாம் என்றிருந்தார்கள்.

"அந்தக் கையில வளையல், வாட்ச் கூடாது. குடம் தூக்கக் கூடாது" என்று டாக்டர் சொன்னபடி அவள் வளையலைக் கழற்றினான். தண்ணீரும் அவனே சுமந்தான். ஊர் சிரித்தது, சிரிக்கட்டுமே.

கோயில் பொங்கல் திருவிழா சாட்டி ஊரில் காப்புக் கட்டினார்கள். பெண்களுக்கு இடது கை. இந்தக் கை நிலைக்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டு அவனே மஞ்சள் கயிற்றைக் கட்டினான். சாமி கயிறு என்ன செய்துவிடும் என்று நினைத்தான் பாவி.

"இறுக்குது மாமா."

"அவுந்துட்டா சாமி குத்தம்டி. ரெண்டு நாள் பொறுத்துக்க."

மறுநாள் காலை காதை வைத்தான். சத்தமே இல்லை. கோயில் மைக்செட்டால் கேட்கவில்லையோ என்று கதவைச் சாத்திவிட்டு மறுபடி வைத்தான். கயிற்றை அறுத்து எறிந்தான்.

மதுரை பஸ் ஏறி, காளவாசலில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்து ஓடினார்கள். டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ரத்தம் உறைந்து அடைத்துவிட்டது.

"என்னம்மா செஞ்ச?"

அழகுபாண்டி வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "தூக்கத்துல கையத் தலைக்கு வச்சுப் படுத்துட்டேன் டாக்டர்."

"இம்புட்டுச் சொல்லியும் கேக்கலையே! எத்தனை பேரு காத்துக் கெடக்காங்க தெரியுமா?" அவள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். வலது கையில் ஆபரேஷனுக்கு நான்கு மாதம் கழித்துத் தேதி. அதுவரை கழுத்துக் குழாய்தான்.

காலையில் மதுரைக்கு பஸ்ஸில் வரும்போதே அவள் எச்சில் தொட்டு மணிக்கட்டு மஞ்சளை அழித்துக்கொண்டிருந்தாள். எதற்கென்று அவனுக்கு இப்போதுதான் விளங்கியது.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும், "எதுக்குடி பொய் சொன்ன?" என்றான்.

"நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நீங்க கட்டுன கயித்தாலதான்னு பேசுவாக மாமா. வீட்ல யார்ட்டயும் சொல்லிராதீக."

ஆட்டோக்காரர்கள் பார்க்க, அழகுபாண்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான்.